பரு ஜெல் வாங்கப் போய் உடைந்த ரகசியம்

இன்று மதியம் மாமியாருடன் பிரிக்ஃபீல்ட்ஸ் மருந்துக்கடைக்குப் போனேன். முகப்பருவுக்காக டாக்டர் போன மாதம் எழுதிக்கொடுத்த சீட்டு கையில் இருந்தது.

கடைக்கார அக்கா ஜெல்லை எடுத்துவைத்து விளக்கினார். "ராத்திரி மட்டும், காய்ஞ்ச முகத்துல, பட்டாணி அளவு போட்டா போதும்மா. கண்ணு, உதடு பக்கம் வேணாம். பகல்ல சன்ஸ்கிரீன் கட்டாயம் லா."

பிறகு சாதாரணமாகக் கேட்டார். "கர்ப்பமா இருக்கீங்களா? இருந்தா இதைப் போடக்கூடாது."

எனக்கு நேற்றுதான் உறுதியாகியிருந்தது. இன்று மாலை ஈப்போவிலிருந்து திரும்பும் கணவரிடம் முதலில் சொல்லலாம் என்று காத்திருந்தேன். ஆனால் பொய் சொல்லி ஜெல்லை வாங்க மனம் வரவில்லை.

"ஆமாக்கா," என்றேன் மெதுவாக.

அக்கா ஜெல்லை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, டாக்டரிடம் வேறு மருந்து கேட்கச் சொன்னார். மாமியார் என் கன்னத்தில் பரு என்றும் பாராமல் முத்தமிட்டார்.

"பரு கெடக்கட்டும்மா! நான் பாட்டியாகப் போறேன்!"

கடையே கைதட்டியது. வெளியே வந்ததும் பப்ளிக் போனில் பந்திங்கிலிருக்கும் நாத்தனாருக்கும் சொல்லிவிட்டார்.

இப்போது இந்த மின்னஞ்சல் குழுவில் உங்களுக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதவர் என் கணவர் மட்டும்தான். அவரிடம் புதுச் செய்தி போல எப்படிச் சொல்வது? ஆறு மணிக்குள் யோசனை எழுதுங்கள்!