போனுக்குச் சொன்ன வலி

இராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஒரு டீக்கடையில் முப்பது வருஷம் டீ ஆற்றினேன். ஆற்றும்போது மேலே போகிற கை எனக்கு வலது கை. ஒரு மழைக்காலத்தில் அது தோளுக்கு மேல் எழும்ப மறுத்தது. சட்டை போடவே மனைவி வேண்டியிருந்தது.

நாகர்கோவிலில் காட்டியபோது, "மூணு மாசம் பயிற்சி செய்து பாருங்க. அதுக்கும் கேக்கலன்னா ஆபரேஷன்" என்றார் டாக்டர். அந்த ஒரு சொல் போதும் எனக்கு. மயக்க மருந்து கொடுத்த பிறகு கண் திறக்காமல் போனவர்கள், எனக்குத் தெரிந்தவர்களும் கேள்விப்பட்டவர்களுமாக, திரும்பி வரும் பஸ்ஸிலேயே வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

தினமும் நாகர்கோவில் போய்வர முடியாதே என்று, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் போனிலேயே பயிற்சிக்கு ஏற்பாடு செய்தாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்து, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை அதன் முன்னால் நின்று இழுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை, பிசியோதெரபி படித்த பெண் ஒருத்தி சென்னையிலிருந்து வீடியோவில் வருவாள். தினமும் தொடங்கும் முன் போன் கேட்கும்: இன்று வலி பத்துக்கு எத்தனை?

முதல் நாள் உள்ளபடி எட்டை அழுத்தினேன். திரை சிவந்து, மருத்துவரைப் பாருங்கள் என்றது. மறுநாளிலிருந்து மூன்று.

"எங்கிட்ட எட்டுன்னு அனத்துதிய, போனுகிட்ட மட்டும் மூணாக்கும்?" என்றாள் மனைவி.

"சும்மா கெட. எட்டுன்னா அறுக்கச் சொல்லும்."

"போனு கையில கத்தியா இருக்கு?"

மூன்றைப் பார்த்து அந்தப் பெண் சந்தோஷப்பட்டாள். மஞ்சள் பட்டை போய் சிவப்பு வந்தது, பிறகு பச்சை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட இறுக்கம். வலி அப்படியேதான் இருந்தது. ஆனாலும் தினமும் அழுத்தி அழுத்தி, எனக்கே அந்த மூன்றில் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. கடைக்குப் போய், திங்கள்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் என் இடத்தில் அவர் வேறொருவரை நிறுத்தியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பச்சைப் பட்டையை இழுத்தபோது தோளுக்குள் ஏதோ கிழிந்ததுபோல இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையை உயர்த்துங்கள், கையை உயர்த்துங்கள் என்று போன் சொல்லிக்கொண்டே இருந்தது.

மகளிடம் சொல்லி, மத்தியானம் அந்தப் பெண்ணை வீடியோவில் வரவைத்தோம்.

"வலி எப்போ கூடுச்சு அங்கிள்?"

"கூடல்ல மக்கா. கொறையவே இல்ல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க போட்ட நம்பரை வச்சுத்தானே அங்கிள் நான் பட்டையை மாத்தினேன்?"

உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். கையைத் தூக்கவே கூடாது என்றாள். எப்போது டீ ஆற்றலாம் என்று கேட்டேன்.

"இப்போ என்னால சொல்ல முடியாது அங்கிள்."

ஞாயிறு சாயங்காலம் கடைக்குப் போனேன்.

"மொதலாளி, நாளைக்கு முடியாது."

"பின்ன எப்போ மாஸ்டரே?"

சொல்வதற்கு ஒரு நாள் கிடைக்குமா என்று மனசுக்குள் தேடினேன். "தெரியாது" என்றேன்.

"அப்போ இவரையே நிறுத்திக்கிடுதேன். ஒண்ணும் நெனைக்கப்படாது."

புது மாஸ்டர் எனக்கும் ஒரு டீ போட்டார். நெஞ்சு உயரத்துக்கு மேல் கையைத் தூக்காமலே ஆற்றினார். இடது கையால் வாங்கிக் குடித்தேன். நுரை குறைவு. ஆனால் நன்றாகத்தான் இருந்தது.