இரண்டாம் பாதியில் என் குரல்

திங்கட்கிழமை காலை. பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனேன். கடை வாசலில் ரிஸ்வான் நானா. எங்கள் தெருவில் புடவைக்கடை வைத்திருப்பவர், ஊருக்கே நானா, அதாவது அண்ணன். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"செல்வம், சனிக்கிழம மெச் பார்த்தேன். என்னா பேச்சு! முதல் பாதி சும்மா சுமார். ரெண்டாம் பாதியில கலக்கிட்டீங்க!"

"நெசமாவா நானா?"

"அல்லாஹ்வே, நான் ஏன் பொய் சொல்றேன்? வீட்டுல எல்லாரும் வாயத் தொறந்துட்டு இருந்தாங்க."

பாண் வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வெறுங்கையைப் பார்த்த மனைவி கலா திட்டவில்லை. அவளும் சிரித்தாள். "நானும் கேட்டேங்க. ரெண்டாம் பாதியிலதான் உங்க தொண்ட நல்லா தெறந்துச்சு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் தொண்டையை அவள் பாராட்டியது அன்றைக்குத்தான்.

விஷயம் இதுதான். கொழும்பில் ஒரு விளையாட்டு செனல். கண்டியில் நடக்கிற றக்பி மெச்சுகளைத் தமிழ் வர்ணனையோடும் கொடுத்துப் பார்க்கலாம் என்று அவர்களுக்கு ஓர் ஆசை. டீவியில் வழக்கம்போல இங்கிலீஷ் ஓடும். ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் தமிழ். அந்தத் தமிழ்... சிரிக்காதீர்கள்... நான்!

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவருக்கொருவர் நிம்மதி கொடுத்துவிட்டோம். கோயில் திருவிழாவில் மைக் பிடிப்பதுதான் என் தொழில். "சிவப்புச் சட்டை போட்ட பிள்ள இங்க அழுதுகிட்டு இருக்கு. பெத்தவங்க பயப்பட வேணாம், பிள்ள பத்திரமா இருக்கு!" — இந்தக் குரல் எங்கேயாவது உங்கள் காதில் விழுந்திருந்தால், அது அடியேன்தான். தோட்டங்களில் நடக்கிற ஃபுட்போல் போட்டிகளுக்கும் கத்துவேன். அதை எவரோ கேட்டுவிட்டு என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

றக்பி சட்டம் தெரியுமா? எங்கே! பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டும், ஆனால் முன்னால் போக வேண்டும் என்றார்கள். அரசாங்க ஆபீஸில் என் ஃபைல் போகிற மாதிரி என்று புரிந்துகொண்டேன். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலையைக் கொடுத்து முட்டித் தள்ளினால் அது ஸ்க்ரம். நாவலப்பிட்டி கடைசி பஸ்ஸில் ஏறுகிறவனுக்கு இதை விளக்க வேண்டுமா?

செனலின் புரொடியூசர் சின்ன வயசுத் தம்பி. முதலிலேயே சொல்லிவிட்டான். "மூணு சனிக்கிழம பார்ப்போம்ணே. ஆக்கள் தமிழ்ல பார்த்தா தொடருவோம். இல்லாட்டி நிப்பாட்டிருவோம்."

அதனால் ஊரெல்லாம் கெஞ்சினேன். பட்டனை அமுக்குங்கள், பட்டனை அமுக்குங்கள் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். முதல் மெச்சில் பழக்கதோஷத்தில், "தகவல் தெரிஞ்சவங்க உடனே இந்த நம்பருக்கு அறிவிக்கவும்" என்று என் ஃபோன் நம்பரையே சொல்லித் தொலைத்தேன். என்ன தகவல் என்று எனக்கே தெரியாது. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

போன சனிக்கிழமை மூன்றாவது மெச். மழை. கிரவுண்ட் சேறு. இரண்டாம் பாதியில் நான் பேசிய பேச்சு இருக்கிறதே... சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. கண்டி அணியில் மூன்றாம் நம்பர் விஜயன். அந்த அணியில் இருக்கிற ஒரே தமிழ்ப் பையன். பார்த்தால் ஆளே ஒரு அலுமாரி. அவன் மேல் ஆறேழு பேர் விழுந்தார்கள். எல்லோரும் எழும்பினார்கள், அவன் எழும்பவில்லை. ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது. பிறகு அவன் மெதுவாகக் கையை ஊன்றினான், எழும்பினான், தண்ணீர் குடித்தான். ஸ்ட்ரெச்சரோடு வந்து சேற்றில் வழுக்கி விழுந்தவரை அவனே தூக்கிவிட்டான்!

விடுவேனா? "எழும்பிட்டாரு! விஜயன் எழும்பிட்டாரு! வீட்டுல இருக்கிறவங்க பயப்பட வேணாம், பிள்ள பத்திரமா இருக்கு!"

செவ்வாய்க்கிழமை புரொடியூசர் தம்பிக்கு நானே ஃபோன் எடுத்தேன். ஊரே புகழ்கிற கெத்து.

"எப்படித் தம்பி? ரெண்டாம் பாதி?"

"அண்ணே... ரெண்டாம் பாதி உங்க வொய்ஸ் போகவே இல்லண்ணே."

"என்ன சொல்றீங்க?"

"அஞ்சு மணிக்கு வெளிநாட்டு ஃபுட்போல் தொடங்கிட்டுது. எங்கட்ட தமிழுக்கு ஒரு லைன்தான் இருக்கு. அத அந்தப் பக்கம் மாத்திட்டோம். தமிழ் பட்டன அமுக்கினா கிரவுண்ட் சத்தம் மட்டும்தான் போயிருக்கும்."

"யாருமே கேக்கலையா?"

"ஒருத்தரும் எங்களுக்கு ஃபோன் எடுக்கலண்ணே. ஒரு முறைப்பாடு கூட இல்ல."

"தம்பி, நான் நாப்பது நிமிஷம் கத்தினேனே!"

"நல்லா கத்தினீங்கண்ணே. ஸ்டூடியோல நாங்க கேட்டோமே."

"கேட்டீங்களா?"

"...இல்லண்ணே. மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு சொன்னேன்."

அப்படியானால் நானாவின் வீட்டில் எல்லோரும் வாயைத் திறந்து எதைக் கேட்டார்கள்? என் வீட்டுக்காரிக்கு எந்தத் தொண்டை தெறந்தது?

கலாவிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "மகன் ஃபுட்போல் போட்டிருந்தான். நான் என்ன செய்ய? கேக்கலன்னு சொன்னா மூணு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பீங்க."

மூன்று நாள் என்பது தப்பு. ஒரு வாரம்.

கண்டிக்காரன் ஒருவனிடம் போய் "றக்பி பார்ப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பார்க்கமாட்டேன் என்று ஒருவனும் சொல்லமாட்டான். அது கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவிடமே சாப்பாடு சரியில்லை என்று சொல்கிற மாதிரி. மெச் நாளில் ஜேர்சி போடுவோம், ஹோர்ன் அடிப்போம், றக்பி எங்கள் இரத்தம் என்போம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் ரிமோட் தானாக ஃபுட்போலுக்குப் போய்விடும். இரத்தமாவது, மண்ணாவது! அதையும் மீறி றக்பி பார்க்கிற இரண்டு பேரும் இங்கிலீஷில்தான் பார்ப்பார்கள். தமிழில் பார்த்தால் மரியாதை குறைந்துவிடுமாம்.

நான் மட்டும் என்ன யோக்கியன்? அதே ஃபோனில் தம்பி கேட்டான். "அண்ணே, றக்பி தமிழ் முடிஞ்சுது. வார சனிக்கிழமையில இருந்து ஸ்டூடியோவுக்கு வந்து ஃபுட்போல் பேசுறீங்களா?"

அவன் கேள்விக்குறி போடுவதற்குள் சரி என்றேன்.

ஃபோனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை மெச் நேரத்தில் ஃபோனை ஓஃப் செய்து வைத்திருந்தேன். திரும்பப் போட்டபோது தெரியாத ஒரே நம்பரிலிருந்து பதினாலு தடவை அழைப்பு வந்ததாக மெசேஜ். எவனோ எதையோ விற்கிறான் என்று விட்டிருந்தேன். இப்போது அந்த நம்பருக்கு எடுத்துப் பார்த்தேன்.

"டீவியில பேசுற தம்பிங்களா?" ஒரு பெண் குரல். "நான் நாவலப்பிட்டி பக்கம் தோட்டத்துலருந்து பேசுறேன். பார்வதின்னு பேரு. மூணாம் நம்பர் விஜயன் இருக்கான்ல, அவங்க அம்மா."

கேட்டதும் நான் எழும்பி நின்றுவிட்டேன்.

"சனிக்கெழமன்னா பக்கத்து லயத்து வீட்டுப் பயலுக எல்லாம் எங்க வீட்டுலதான் வந்து ஃபுட்போல் பாப்பானுக. மகன் வாங்கிக் குடுத்த பெரிய டீவி. இந்த மூணு வாரமும் எல்லாத்தையும் வெரட்டிட்டு உங்க பட்டன அமுக்குனேன். அவனுகளுக்கு எம்மேல சரியான கோவம். எனக்கு அந்த வெளையாட்டு ஒரு மண்ணும் வெளங்காது தம்பி. ஒருத்தன் மேல ஒருத்தன் விழுறானுக, எது எம்புள்ளன்னே தெரியாது. நீங்க 'விஜயன் எழும்பிட்டாரு'ன்னு சொன்னாத்தான் எனக்கு மூச்சே வரும்."

"சரிங்கக்கா..."

"இந்த வாட்டி விழுந்தான், எழும்பல. ஸ்ட்ரெச்சரு வந்துச்சு. உங்க சத்தத்த ரெண்டாம் பாதி தொடங்குனதுலருந்தே காணோம். அந்த நேரம் பாத்து வெளம்பரத்தப் போட்டுட்டானுக. இங்கிலீசுக்கு மாத்துனேன், அவங்க என்னமோ சிரிச்சிக்கிட்டுப் பேசுறாங்க. அப்பறம் பாத்தா எல்லாப் பயலும் சேத்துல ஒரே நெறம், நம்பரும் தெரியல. மகன் ஃபோனும் ஓஃப். அதான் நீங்க சொன்ன நம்பருக்கு அடிச்சிக்கிட்டே இருந்தேன். ஏழு மணிக்கு அவனா எடுத்த பொறகுதான் அடுப்பே பத்த வச்சேன்."

"அக்கா, நான் சொன்னேங்க. எழும்பிட்டாருன்னு அப்பவே சொன்னேன். பிள்ள பத்திரமா இருக்குன்னு கூடச் சொன்னேன்."

"சொன்னீங்களா?" அந்தக் குரலில் எவ்வளவு சந்தோஷம்! "அப்ப எங்க டீவியிலதான் என்னமோ கோளாறு. பயலுக போட்டு நோண்டி வச்சிருப்பானுக. நான் ஒரு கிறுக்கி, உங்களப் போயி வஞ்சிட்டு இருந்தேன். வார சனிக்கெழமையும் சொல்லுவீங்கதானே தம்பி?"

நானா மனசு கோணாமல் ஒரு பொய் சொன்னார். கலா சொன்னாள். தம்பி சொன்னான். நான் மட்டும் எந்த ஊர்க்காரன்?

"சொல்றேங்கக்கா," என்றேன்.

திரும்ப அவருக்கு ஃபோன் எடுத்து உண்மையைச் சொல்லிவிடலாம். மூன்று நாளாக ஃபோனை எடுக்கிறேன், வைக்கிறேன். அதற்குப் பதிலாகப் பேப்பருக்கு இதை எழுதுகிறேன். அந்த அக்கா பேப்பர் படிக்கமாட்டார் என்கிற தைரியத்தில்தான், வேறென்ன?

சனிக்கிழமை அவர் லயத்துப் பயல்களை மறுபடி விரட்டுவார். பட்டனை அமுக்குவார். சத்தம் வராது. டீவியைத் தட்டிப் பார்ப்பார். நான் ஸ்டூடியோவுக்குள், எந்த நாட்டுக்காரனோ அடித்த கோலுக்குக் கத்திக்கொண்டிருப்பேன்.

பெற்றவர்களின் கவனத்துக்கு: பிள்ளை எங்கே என்று இனி மைக் பிடிப்பவனிடம் கேட்காதீர்கள். இந்தத் திருவிழாவில் காணாமல் போனது அவன்தான்!