ஃபிலிமைச் சுற்ற மறந்த அண்ணன்

எங்கள் அண்ணன் கடம்பத்தூரில் பிறந்தார். வீட்டுக்கு முன்னால் ரயில் பாதை, பின்னால் நெல் வயல். இரண்டில் எதைப் பார்த்து வளர்வது என்று முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. அண்ணன் ரயிலைப் பார்த்தார். நான் இரண்டையும் விட்டுவிட்டு வாரப் பத்திரிகையைப் பார்த்தேன். அதன் விளைவாகத்தான் ‘நீதான் எழுதுகிறவன் ஆயிற்றே’ என்று அண்ணனின் நினைவு மலருக்கான இந்தக் கட்டுரை என் தலையில் விழுந்திருக்கிறது. நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனிடம் நினைவு மலரைக் கொடுப்பது, பந்தல் போடுகிறவரிடம் பல் வலியைச் சொல்வது போன்ற காரியம். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா காலமானபோது அண்ணன் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார். முடித்த கையோடு கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராகச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார். மணவாள நகரில் வீடு கட்டினார். அம்மாவைக் கடைசி வரை தன்னிடமே வைத்துப் பார்த்துக்கொண்டார். குறை கண்டுபிடிப்பதே தொழில் என்றாலும் வீட்டில் யாரையும் ஒரு குறை சொன்னதில்லை. கேட்டால், “எல்லாத்தையும் கம்பெனியிலயே ரிஜெக்ட் பண்ணிட்டு வந்துட்டேன்பா” என்பார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை பழைய கேமராக்கள். எல்லாப் பழைய கேமராவும் அல்ல. அவர் தேடியவை பெட்டி போல இருக்கும். முகத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கண்கள். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் படம் பிடிப்பதற்கு. வயிற்றுக்கு நேராகப் பிடித்து, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் கண்ணாடியில் பார்த்து எடுக்க வேண்டும். படம் சதுரமாக விழும். ஏன் சதுரம்தான் வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். “மத்த கேமராவ படுக்கப் போடறதா, நிக்க வெக்கறதான்னு நாம யோசிக்கணும். இதுல அந்த பேஜாரே இல்ல. எதிர்ல நிக்கறவங்களப் பத்தி மட்டும் யோசிச்சாப் போதும்” என்றார். நான் இத்தனை வருடம் எழுதியதில் இவ்வளவு உருப்படியாக ஒரு வாக்கியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னேரி, ஊத்துக்கோட்டை, சூளூர்பேட்டை என்று மூடிப்போன ஸ்டுடியோக்களைத் தேடிப் போவார். துணைக்கு அண்ணி, சில நாள் நானும். கேமராவைக் கையில் வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்ப்பார். ஈர வாடை அடித்தால் லென்ஸில் பூஞ்சை இருக்கும். பிறகு முதுகுக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து லென்ஸின் உள்ளே பார்ப்பார். கடைசியாக ஷட்டரை மெதுவான வேகத்தில் வைத்து அழுத்திவிட்டு, காதருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளிருக்கும் பற்சக்கரம் இழுத்து இழுத்துப் பேசினால் அந்தக் கேமரா வேண்டாம். ஊத்துக்கோட்டையில் ஒரு கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்கற?”

அண்ணிதான் பதில் சொன்னார். “அந்த வயித்தெரிச்சல ஏன் கேக்கறீங்க. என்னப் பாக்க வந்தப்போ தலைய நிமித்திக்கூட பாக்கல. இதுக்கு லைட் அடிச்சிப் பாக்கறாரு.”

“உன்ன ரிஜெக்ட் பண்ற ஐடியாவே இல்ல. அதான் பாக்கல” என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமலே.

ஃபிலிம் சென்னையிலிருந்து கூரியரில் வரும். கழுவுவது எங்கள் வீட்டுக் குளியலறையில். அந்த நாட்களில் விருந்தாளிகள் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனதை, இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஊரையெல்லாம் எடுத்த அண்ணன் தான் மட்டும் எதிலும் விழ மாட்டார். செல்போனை நீட்டினால் கையால் மறைத்துக்கொள்வார். அதனால் சென்ற வருடம் காரியத்தன்று அவருடைய கம்பெனி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட வேண்டியிருந்தது. அதில் அண்ணன், வந்தவர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவது போலப் பார்க்கிறார். அண்ணி அந்தப் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

முதலாண்டு நினைவு நாள் நெருங்கியபோது அண்ணி வேறு ஒரு படத்தை எடுத்து வந்தார். அதன் கதை இது.

அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கு முந்திய வருடம், இருவரும் திருப்பாச்சூர் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். மதிலோரமாக அண்ணியை நிற்க வைத்து அண்ணன் ஒரு படம் எடுத்தார். “குடுங்க, இன்னிக்கி உங்கள நான் எடுக்கறேன்” என்று அண்ணி கேட்க, என்ன தோன்றியதோ, கேமராவைக் கொடுத்துவிட்டு அதே இடத்தில் போய் நின்றார். அந்தப் பழைய ரகக் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு குமிழைத் திருகி ஃபிலிமைச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் அது ஏனென்று கேட்காது. அடுத்த படத்தையும் முந்திய படத்தின் மேலேயே பதிந்துகொள்ளும். தன் பொண்டாட்டி தன்னைப் படம் எடுக்கப் போகிற பரபரப்பில், அண்ணன் சுற்ற மறந்துவிட்டார்.

கழுவிப் பார்த்தால் ஒரே சதுரத்துக்குள் இருவரும். அண்ணனின் சட்டைக்குள் அண்ணியின் புடவைக் கரை ஓடுகிறது. அண்ணியின் கன்னத்தருகே அண்ணனின் காது. இருவர் மேலும் மதிலின் கல். அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டு, “இது ரிஜெக்ட்” என்று ஓரமாக வைத்தாராம். அண்ணி அதை எடுத்து வைத்துக்கொண்டார். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து விழுந்த படம் அது ஒன்றுதான்.

இதைத்தான் சட்டம் போட்டு மாலை சாத்த வேண்டும் என்றார் அண்ணி. கடம்பத்தூர் அத்தை பதறிப்போனார்.

“இன்னாமா நீ, உசுரோட கீறவளுக்கும் சேத்து மால போடுவாங்களா? கேக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?”

நான் வழக்கம்போல நடுவில் புகுந்து காரியத்தைக் கெடுத்தேன். படத்தை டிசைன் செய்யும் கடைக்கு எடுத்துப் போய், அண்ணியை மட்டும் நீக்க முடியுமா என்று கேட்டேன். கணினி அண்ணியை நீக்கியது. கூடவே அண்ணனின் தோளும் பாதி முகமும் போயின. போன இடத்தில் அது தானாக ஒரு புதிய காதை வைத்துக் கொடுத்தது. எங்கள் வம்சத்தில் யாருக்கும் அப்படி ஒரு காது கிடையாது.

அதைக் கொண்டுவந்து காட்டியபோது அண்ணி கோபப்படவில்லை. அத்தையைப் பார்த்துத்தான் பேசினார்.

“ரேஷன் கார்டுல அவரு பேர எடுத்தாங்க. பேங்குலயும் எடுத்தாங்க. எல்லாத்துக்கும் நான்தான கையெழுத்து போட்டேன். இதுலயும் பிரிக்கணும்னு கேக்காதீங்க அத்த.”

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வாங்கினார். “இதுல எதுமா அவன் தோளு, எது உன்துது?” என்று கேட்டார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்துக் காட்ட ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

முடிவாக, மாலைக்கும் மலரின் மேலட்டைக்கும் அடையாள அட்டைப் படமே இருக்கட்டும், இந்தப் படம் மலரின் நடுப்பக்கத்தில் வரட்டும் என்று அத்தையே சொல்லிவிட்டார்.

கேமராக்கள் அப்படியேதான் இருக்கின்றன. சும்மா கிடந்தால் ஷட்டர் இறுகிவிடும் என்று அண்ணன் சொல்லியிருந்ததால், மாலை விளக்கேற்றியதும் அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து அழுத்தி வைக்கிறார். எதிலும் ஃபிலிம் கிடையாது. அண்ணனைப் போலவே காதருகே வைத்துக் கேட்கிறார். கூப்பிட்டால் திரும்பச் சற்று நேரமாகிறது.

அண்ணனின் சிறுநீரகச் சிகிச்சையின்போது உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்து ரத்தம் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பற்ற வைக்க விடாத மணவாள நகர்த் தெருவினருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறோம்.

ஒரு வேண்டுகோள். மலரில் இருக்கும் படத்துக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் மேலட்டைப் படத்தோடு நிறுத்திக்கொள்ளவும். நடுப்பக்கத்தில் வைக்க வேண்டாம். அதில் இருப்பது அச்சுப் பிழையும் அல்ல. எது யார் என்று புரியாவிட்டால் அண்ணியிடமே கேளுங்கள். விரலை வைத்து மெதுவாகத்தான் காட்டுவார். தயவுசெய்து அவசரப்படுத்த வேண்டாம்.