அரைப் பொத்தான் தூரம்

நில அதிர்வு ஆய்வகத்தில் அவளுக்கு ஆமை என்று பேர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். பின்னே? ஊரெல்லாம் அரை நிமிடத்தில் வீட்டைச் சாய்க்கிற நிலநடுக்கத்துக்குப் பயந்து கிடக்க, இந்த அம்மா மட்டும் நாள் கணக்கில் ஆற அமர நடக்கிற நிலநடுக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தால் வேறு என்ன பேர் வைப்பார்கள்? அது வந்தால் தம்ளரில் தண்ணீர் அலம்பாது. நாய்கூடக் குரைக்காது.

"உன் நிலநடுக்கம் நீ வெளியில கிளம்புற மாதிரிதான். இதோ கிளம்பிட்டேன், இதோ கிளம்பிட்டேன்னு சொல்லிட்டே இருக்கும், வாசலைத் தாண்டாது" என்பான் அவள் கணவன்.

கணவனுக்குத் தையல் வேலை. வீட்டின் முன்னறையில்தான் கடை. அவனிடம் ஒரு பிடிவாதம் உண்டு: தையலைப் பாதியில் நிறுத்த மாட்டான். ஒருமுறை நிஜமாகவே தரை குலுங்கி, தெரு முழுக்க வெளியில் ஓடி நின்றபோது, அவன் ஒரு சட்டைக் கையைத் தைத்து முடித்து, நூலைக் கடித்துவிட்டுத்தான் வந்தான். "பாதியில விட்டா தையல் கோணிக்கும்" என்று சமாதானம் வேறு. மூத்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று அவனை அவள் வாங்கு வாங்கென்று வாங்கியதை அக்கம்பக்கத்தார் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் அவள் வேலைக்குச் சேர்ந்தது மெதுவான நிலநடுக்கத்தைத் தேட அல்ல. மலையடிவாரத்தில் வடக்கு, நடு, தெற்கு என்று மூன்று நிலவறைகள். ஒவ்வொன்றிலும் பாறையில் பதித்த ஒரு சாய்வுமானி. தரை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அது ஓயாமல் கோடு போட்டு அனுப்பும். ஒரு கிலோமீட்டர் நீளப் பலகையின் ஒரு முனைக்கு அடியில் தலைமுடி ஒன்றைச் செருகினால்கூடக் கண்டுபிடித்துவிடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சூட்டிகையான கருவி வெயிலுக்கும் வளையும், மழைக்கும் வளையும். அதனால் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். சட்டென்று வருவதுதான் நிலநடுக்கம். நாள் கணக்கில் கோடு வளைந்தால் அது கருவியின் குணம், அந்த வளைவைக் கழித்துக் கோட்டை நேராக்கிவிட வேண்டும். இதற்கு அங்கே "இஸ்திரி போடுவது" என்றே பேர். ஆமையின் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. புதிதாக வருகிறவர்களுக்கு இயக்குநரே அதைக் காட்டி, "கோடுன்னா இப்படி இருக்கணும்" என்பார். இஸ்திரி போட்டதை வைத்துக்கொண்டு, போடாததை அழித்துவிடுவார்கள். எட்டு வருடம் அதையும் அவளேதான் செய்தாள்.

இரண்டாவது மகள் பிறந்து, விடுப்பு முடிந்து அவள் திரும்பியபோது, போட்ட வேலை போட்டபடியே கிடந்தது. அத்தனை மாதக் கோட்டுக்கும் ஒருத்தரும் இஸ்திரி போடவில்லை. "வந்துட்டியா, அப்பாடா! உன் கை யாருக்கும் வரல" என்று ஐஸ் வைத்தார்கள். மனதுக்குள் திட்டிக்கொண்டே அவள் மூன்று கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் விரித்தாள். விரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வடக்குக் கோடு ஓரிடத்தில் மெல்ல வளைந்து நின்றிருந்தது. அது நிற்கிற சமயத்தில் நடுக்கோடு அதே மாதிரி வளையத் தொடங்கியிருந்தது. அதற்கப்புறம் தெற்கு. மலைக்கு அடியில் ஏதோ ஒன்று, யாருக்கும் தெரியாமல், வடக்கிலிருந்து தெற்காக நடந்து போயிருந்தது! அடுத்த நொடியே பழைய கோடுகள் நினைவுக்கு வந்தன. இந்த எட்டு வருடத்தில் இது எத்தனை முறை நடந்து போனதோ, அத்தனையையும் அவளே தேய்த்துத் தேய்த்து இல்லாமல் ஆக்கியிருக்கிறாள். அழித்தது அழித்ததுதான்.

இயக்குநர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "நிலநடுக்கம்னா நடுங்கணும்மா. இது நம்ம திருப்புளி வேலை."

திருப்புளி என்பது கருவிகளைப் பராமரிக்கிறவர். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைக்கிற இடத்தில் அவருக்குத் திருகாணி முடுக்குகிற திருப்புளி இருக்கும், அதனால் அந்தப் பேர். மாதம் ஒருமுறை வடக்கில் ஆரம்பித்துத் தெற்குவரை ஒவ்வோர் அறையாகப் போய், திருகாணியைத் திருகிச் சாய்வுமானியைப் பூஜ்யத்தில் நிறுத்துவார்.

"அவர் போன வழியிலயே வளைஞ்சிருக்கு, பாரு" என்றார் இயக்குநர்.

திருப்புளிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் திருகினா ஒரே வெட்டா வெட்டும் சார். இப்படிக் குழையாது."

"அப்ப யாருமே தொடாம விட்டுப் பார்ப்போம் சார்" என்றாள் ஆமை.

இயக்குநர் யோசித்தார். முரட்டு ஆள்தான், ஆனால் சொன்ன சொல் மாறாதவர். மூன்று அறைகளையும் பூட்டி, சாவிகளைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "வர்ற மழைக்காலம் முடியறதுக்குள்ள, யார் கையும் படாம, மூணும் இதே வரிசையில வளையட்டும். நான் ஒத்துக்கறேன். இல்லைன்னா அறைகளை மூடிடுவேன், நீ போன் எடுக்கிற பிரிவுக்குப் போயிடு."

போன் எடுக்கிற பிரிவு என்றால், எங்க வீட்டு விளக்கு ஆடுச்சே, அது நிலநடுக்கமா என்று கேட்கிறவர்களுக்கு, இல்லைங்க, லாரி போயிருக்கும் என்று பதில் சொல்கிற வேலை.

கோடைமழை போனது, மழைக்காலம் வந்தது. திருக ஒன்றும் இல்லாமல் திருப்புளிக்குக் கை பரபரத்தது. ஆய்வகத்து நாற்காலி, ஜன்னல், கதவுக் கீல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் இறுக்கித் தள்ளினார். ஆமைக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இப்படிக் காத்திருந்ததில்ல" என்றான் கணவன், மிதியை மிதித்தபடியே.

"விளையாடாதீங்க. போன் பிரிவுக்குப் போறதுகூடப் பரவால்லங்க. அறையை மூடிட்டா, அது வந்தாலும் வந்ததுன்னு சொல்ல ஆளே இருக்காதே. இவ்வளவு பெரிய விஷயம் காலுக்கடியில நடக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. அதைத்தான் தாங்க முடியல." தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மழை விடுகிற சமயத்தில் வடக்குக் கோடு வளைந்தது. வளைந்தது, வளைந்துகொண்டே போனது. திருப்புளி ஓடி வந்தார்.

"விளிம்புக்குப் போகுது மேடம். தாண்டிடுச்சுன்னா கருவிக்குக் கண்ணு தெரியாது. சாவி வாங்கிக் குடுங்க, ஒரே ஒரு சுத்து!"

"தொட்டா, நீங்க தொட்டதுன்னு ஆயிடும். விடுங்க."

"போச்சுன்னா?"

"போகட்டும்." சொல்லிவிட்டாளே தவிர, திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோடு விளிம்புக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது. நடுக்கோடு வளையத் தொடங்கியது. அதுவும் நின்றது. தெற்குக் கோடு மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் கிடந்தது. இயக்குநர் தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டுப் போனார்.

ஒரு மதியம் அவர் டீ தம்ளரோடு நிற்கும்போதே தெற்குக் கோடு தலையைச் சாய்த்தது. முதலில் சந்தேகம் மாதிரி. அப்புறம் சந்தேகமே இல்லை.

இயக்குநரின் கை தன்னையறியாமல் பைக்குள் போனது. மூன்று சாவிகளும் வெளியே வந்தன. சாவியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி சாவியைப் பார்த்தார். "என்கிட்டதானே இருக்கு" என்றார், தனக்குத்தானே. பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு ஆழத்துல?"

"முப்பது, நாற்பது கிலோமீட்டர் இருக்கும் சார்."

"இப்பவும் போய்க்கிட்டு இருக்கா?"

"இப்பவும்தான். நாம பேசும்போதே."

ஜன்னலை இறுக்கிக்கொண்டிருந்த திருப்புளியும் சேர்ந்து, மூன்று பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். சிமெண்டுத் தரை, ஒரு விரிசல்கூட இல்லை. இந்தப் பலம் ஒரே மூச்சில் வந்திருந்தால் வெளியே எத்தனை சுவர் நின்றிருக்குமோ. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்ப இனிமே பெரிசு வராதா மேடம்?" என்றார் திருப்புளி மெல்ல.

"அதைச் சொல்ற அளவுக்கு நமக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதுங்க."

இயக்குநர் சாவிகளை அவள் மேஜையில் வைத்தார். "நீயே வச்சுக்கோ. இனிமே இங்க யாரும் இஸ்திரி போடக் கூடாது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். டீயை மறந்துவிட்டார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கணவன் நீளமான பாவாடை விளிம்பு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"வந்துச்சா உன் ஆமை?"

"வந்துச்சு. ஆய்வகத்து மொட்டைமாடியில ஒரு கருவி இருக்கில்ல, செயற்கைக்கோளைப் பார்க்கிறது, அதுவும் சொல்லிடுச்சு. நகர்ந்திருக்கு."

"எவ்வளவு?"

அவள் பொத்தான் டப்பாவிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து, பாதியை விரலால் மூடிக் காட்டினாள். "இவ்வளவு."

"இதுக்கா இவ்வளவு பாடு!" ஊசி கடகடவென்று ஓடியது. "எது நகர்ந்துச்சு, அந்தக் கருவியா?"

"இந்த ஊருங்க. மலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், இந்தக் கடை, உங்க மெஷின், உள்ள தூங்குற ரெண்டு பொண்ணுங்க. எல்லாம் சேர்ந்து. இந்தப் பத்து நாளா நீங்க தைச்சதெல்லாம் போய்க்கிட்டே தைச்சது."

விளிம்பில் இன்னும் ஒரு முழம் பாக்கி இருந்தது. அவன் மிதியிலிருந்து காலை எடுத்தான்.