மூன்று வாள்

வேற்றுக்கிரகத்து விலங்குகளுக்கு எழுத்துப்பிழை தெரியாது. அவற்றைப் பார்க்க வருகிற மனிதர்களுக்குத் தெரியும். அக்காவின் பிழைப்பே அந்த வித்தியாசத்தில்தான் ஓடியது.

நகரத்தின் ஓரத்தில், ஒரு பழைய கிடங்கைக் கழுவித் துடைத்துக் குழந்தைகளுக்காகக் கற்பனைக் காட்சிசாலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இல்லாத கிரகங்களிலிருந்து வந்த இல்லாத விலங்குகள். கம்பியும் ஃபைபரும் பெயிண்டும்தான் அவற்றுக்கு எலும்பும் தோலும். விலங்குகளைக் கற்பனை செய்து உருவாக்கியவன் தம்பி. கூண்டுக்கு முன்னால் பலகை எழுதியவள் அக்கா. அவளை அங்கே எல்லோரும் போர்டக்கா என்றார்கள். அவனை வாலு என்றார்கள். சின்ன வயதில் அவன் செய்த சேட்டைக்கு அக்காவே வைத்த பெயர் அது. மீசை நரைத்த பிறகும் அவனை விட்டு உதிரவில்லை.

வாலுவுக்குக் கை பேசும், பேனா உளறும். லகர ளகர ழகரம் மூன்றும் அவனுக்கு ஒரே வயிற்றுப் பிள்ளைகள், யாரை எப்போது கூப்பிடுவான் என்று அவனுக்கே தெரியாது. முதல் கூண்டில் எட்டுக் கைகளோடு ஒரு பஞ்சு உருண்டை செய்து வைத்தான். பலகைக்கு அவன் எழுதிக் கொடுத்த வாசகம்: 'குழந்தைகளைக் கண்டால் அன்போடு அணைத்துக் கொல்லும்.'

"டேய், இதைப் படிச்சுட்டு எந்தத் தாய்டா பிள்ளையை உள்ள விடுவா?"

"ஒரு எழுத்துதானேக்கா. அதுல என்ன உயிரா போயிடும்?"

"இதுல போகுதேடா, பாவி!"

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெல்டர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அக்கா 'கொள்ளும்' என்று திருத்தினாள். பள்ளிக்கூட நோட்டிலிருந்து அவள் திருத்திக்கொண்டேதான் வந்தாள். அவன் எதிர்த்துப் பேசினால், "தலை இருக்க வால் ஆடக் கூடாது" என்பாள். "சந்தோஷம் வந்தா வால்தான்க்கா ஆடும். தலை ஆடினா அது ஆமாம் சாமி போடறது" என்பான் அவன்.

கடைசிக் கூண்டுக்கு வெறும் கம்பி உடம்பு மட்டும் கட்டியிருந்தபோது காய்ச்சல் என்று படுத்தான். காய்ச்சல் என்று நினைத்தது வேறாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடியே மீதி விலங்கை வரைந்து, பார்க்க வந்த வெல்டரிடம் கொடுத்தான். அந்த வாரமே போய்விட்டான்.

அக்காவுக்குக் கண்ணீர் வரவில்லை. தூக்கம்தான் வந்தது. பஸ்ஸில் வந்தது, பெயிண்ட் டப்பாவைத் திறக்கும்போது வந்தது, யாராவது ஆறுதல் சொல்லும்போது இன்னும் அதிகமாக வந்தது. தூங்கி எழுந்தாலும் அசதி போகவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று தினமும் நினைத்தாள். கடைசி விலங்கு அவன் நினைத்தபடியே நிற்பதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஒன்றுதான் அவளைப் பஸ் ஏற வைத்தது.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் காலை வெல்டர் வாசலிலேயே காத்திருந்தார்.

"வாம்மா, முடிச்சுட்டேன். வந்து பாரு."

தார்ப்பாயை இழுத்தார். தொப்பை வயிறு, ஓட்டைப் பல் சிரிப்பு, தவளைக் கால். வாலுவின் விலங்கேதான். ஆனால் அதன் முதுகுக் கோடியில் மூன்று இரும்பு வாள்கள் வானத்தைப் பார்த்து மின்னிக்கொண்டு நின்றன.

"அண்ணே, இது என்ன?"

"தம்பி எழுதினதுதாம்மா. இந்தா, பாரேன்."

காகிதத்தில் மேல் நோக்கி வளைந்த மூன்று கோடுகள். பக்கத்தில் அவன் கோணல் எழுத்து: 'மூன்று வாள். சந்தோஷம் வந்தால் ஆட்டும்.'

வால் என்று எழுத வேண்டிய இடத்தில் வாள் என்று எழுதியிருக்கிறான்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்மா. சந்தோஷத்துல எவனாவது வாளை ஆட்டுவானா? கேக்கலாம்னா ஆள் இல்லையே. சரி, வேற கிரகத்து வழக்கம் போலன்னு விட்டுட்டேன்." வெல்டர் ஒரு வாளின் ஓரத்தில் விரலை ஓட்டிக் காட்டினார். "பிள்ளைங்க கை பட்டா கிழிக்கக் கூடாதுன்னு மழுங்கத் தேய்ச்சேன். இதுக்கு மேல உப்புத்தாள் போட்டா வாளே இருக்காது." அவருடைய விரல் நுனிகள் தேய்ந்து சிவந்திருந்தன.

அக்கா வாயைத் திறந்தாள். அண்ணே, இது தப்பு. அறுத்துவிட்டு வால் வைக்க வேண்டும். இன்னும் ஒரு பகல் இருக்கிறது. சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றது.

"ஏம்மா, சரியில்லையா? வேணும்னா சொல்லு, இப்பவே அறுத்துடறேன். அவன் நினைச்ச மாதிரி இருக்கணும், அவ்வளவுதான் எனக்கு."

கட்டிங் மெஷினின் ஒயரைச் சொருகப் போனார். அப்போதுதான் மேனேஜர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"போர்டக்கா, சாயங்காலத்துக்குள்ள பலகை வேணும். அட, இது என்ன, வாளா? பிள்ளைங்க இதை விட மாட்டாங்க!"

அவர் போன பிறகும் அக்கா விலங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாலு மட்டும் இருந்து இதைப் பார்த்திருந்தால் தரையில் விழுந்து புரண்டு சிரித்திருப்பான். பார்த்தியாக்கா, ஒரு எழுத்துக்கு மூணு வாள் கிடைச்சுது என்றிருப்பான். அழுகைதான் வருகிறது என்று பயந்தாள். வந்தது சிரிப்பு. சிரித்து முடித்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. வெல்டர் தன் சட்டைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"மெஷினை வைங்கண்ணே. அவன் எழுதினது எழுதினபடியே இருக்கு."

"நிஜமாவா?"

"எழுத்துக்கு எழுத்து."

பலகையை மடியில் சாய்த்துப் பிரஷ்ஷை எடுத்தாள். கை கனத்தது, ஆனாலும் கோடு நேராக வந்தது.

'இந்த விலங்குக்கு மூன்று வாள். சந்தோஷம் வந்தால் ஆட்டும். யாரையும் வெட்டாது. சற்றுத் தள்ளி நின்று, சிரித்துக் காட்டுங்கள்.'

எழுதி முடித்ததும் வழக்கம்போல் ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்துத் திருப்பிப் படித்தாள். 'வாள்' வந்த இடத்தில் விரல் தானாக நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள். பிறகு அடுத்த சொல்லுக்கு நகர்ந்தாள்.