மலை ஏறாத கண்டக்டரின் முடி

கண்டக்டர் வேலையில் டிக்கெட் கிழிப்பது பாதி, வாங்கிக் கட்டிக்கொள்வது மீதி. படியில் தொங்கிக்கொண்டு போகும்போது நீங்களும் ஒரு கண்டக்டரையாவது மனதுக்குள் திட்டியிருப்பீர்கள். பரவாயில்லை, நானும் வழி முழுக்க நின்றுகொண்டே போனவன்தான். நம் எல்லோருக்கும் ஒரே கால்வலி.

ஐம்பதுகளில் கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, புத்தூர் வழியாகச் சனிக்கிழமைதோறும் திருப்பதிக்குப் போன ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். மலைமேல் போக எங்கள் வண்டிக்கு அனுமதி இல்லை. அடிவாரத்தில் நிறுத்திவிடுவோம். ஜனங்கள் நடந்தோ மலை பஸ்ஸிலோ ஏறிப்போய், மேலே தங்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறங்கி வருவார்கள்.

வேலையும் வேண்டுதலும்

எனக்கு இந்த வேலை கிடைத்தால் என் முடியை ஏழுமலையானுக்குக் கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். கிடைத்துவிட்டது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது. பயணிகள் வண்டியில் விட்டுப் போகும் பாய், பாத்திரம், மூட்டை எல்லாவற்றுக்கும் நான்தான் காவல். டிரைவர் அண்ணன் படுத்தால் இடி விழுந்தாலும் புரண்டுதான் படுப்பார். ஒரு தடவை யாருடையதோ பித்தளைச் சொம்பு காணாமல் போனதிலிருந்து, கண்டக்டர் வண்டியை விட்டு நகரவே கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டிருந்தார். மற்ற நாட்களில் வண்டி உள்ளூரில் ஓடியது, லீவு கிடையாது. ஆக, வேலைக்காக முடி கொடுக்க வேண்டும். வேலையே அதற்கு விடவில்லை.

சாமிக்கென்று வைத்த முடியில் கத்தரி படக் கூடாது. அது பாட்டுக்கு வளர்ந்தது. சுருட்டித் தொப்பிக்குள் திணித்தேன், தொப்பி தலையில் நிற்க மறுத்தது. முடி இறக்காமல் எனக்குப் பெண் பார்க்கப் போவதில்லை என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் ஒன்று முடிவு செய்தேன். இறக்கினால் மலையில்தான், ஊர் சலூனில் உட்கார மாட்டேன். ஒருநாள் முதலாளி என் தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "இன்னாடா இது, காக்கிச் சட்டை போட்ட சாமியாராட்டம் கீறே? அடுத்த மாசம் இந்த முடியோட வண்டியில ஏறுனே, உன் சீட்டக் கிழிச்சிடுவேன்!"

கதை சொல்லும் வண்டி

எங்களுக்குப் போட்டியாக ஓடிய பஸ்ஸில் மெத்தை சீட். எங்களுடையது பலகை. பலகை வலி தெரியாமல் இருக்க வழியெல்லாம் மலைக் கதை சொல்லும்படி முதலாளி என்னை ஏவிவிட்டார். ஏழு மலையும் ஆதிசேஷனின் ஏழு தலை என்று தொடங்குவேன். புற்றில் பால் சொரிந்த பசு, அதை அடிக்க வந்த இடையனின் கோடாலி புற்றுக்குள் இருந்த சாமி தலையில் பட்டது, அந்தக் காயத்தில் முடி இல்லாததைப் பார்த்த நீலாதேவி தன் கூந்தலை அறுத்து அங்கே வைத்தது, அதனால்தான் நாம் இன்றைக்கும் முடி கொடுக்கிறோம் என்பது வரை கூடவே இருந்து பார்த்தவன் மாதிரி சொல்வேன். தப்பாகச் சொன்னால் பயணிகளே திருத்துவார்கள். அடுத்த வாரம் திருத்திய கதையைச் சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை, மலையில் குளம் வெட்டிய அனந்தாழ்வார் எறிந்த கடப்பாரை சாமியின் மோவாயில் பட்டதையும், ரத்தம் நிற்க அங்கே பச்சைக் கர்ப்பூரம் வைத்ததையும் உருக்கமாகச் சொல்லி முடித்தேன். பெரியபாளையத்தில் ஏறிய ஒரு விவசாயக் குடும்பத்து அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கர்ப்பூரம் எவ்வளவு பெரிசு, பொட்டு மாதிரியா, உருண்டையா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, நான் மலை ஏறினதே இல்லை என்றேன். வண்டியே திரும்பி என்னைப் பார்த்தது. அந்த அம்மாள் சொன்னார்: "அடப்பாவி, கண்ணாலத்துக்கே போவாம பந்தியில இன்னா போட்டாங்கன்னு சொல்லிக்கினு வந்தியா இம்மா நேரம்!"

முடி சாமி

புரட்டாசி பிறந்தது. நாகலாபுரம் தாண்டியதும் அடித்த காற்றில் என் தொப்பி பறந்துபோய் ஏதோ ஒரு வயலில் விழுந்தது. முடி தோள் வரை அவிழ்ந்தது. திரும்பும் வழியில் கை காட்டி ஏறிய கணவனும் மனைவியும் என்னைப் பார்த்ததும் படியிலேயே காலில் விழுந்தார்கள். நான் கண்டக்டர்தான் என்று கெஞ்சினேன். அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, டிக்கெட்டைக் கண்ணில் ஒற்றி மடியில் முடிந்துகொண்டார்கள்.

அவ்வளவுதான், பஸ்ஸில் ஒரு முடி சாமி வருகிறார் என்று செய்தி பரவிவிட்டது. மஞ்சள் துணி கட்டி, நாமம் போட்ட சொம்போடு வீடு வீடாகக் கோவிந்தா சொல்லி அரிசி வாங்கிய ஜனமெல்லாம் மெத்தை சீட்டை விட்டுவிட்டு எங்கள் பலகைக்குக் காத்துக்கிடந்தார்கள். மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர். முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்று நினைத்துப் போனால், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல: "முடியில கைய வெச்சே, தொலைச்சிடுவேன் நைனா. வைகுண்ட ஏகாதசி வரைக்கும் அப்டியே இரு, எண்ணெய் செலவு என்னுது!"

லுங்கிக்கார பாய்

பழவேற்காட்டிலிருந்து லுங்கி மூட்டைகளோடு வருவார் ஒரு பாய். திருப்பதிக் கடைகளுக்குச் சரக்குப் போட்டுவிட்டு, எங்கள் வண்டியிலேயே தங்கி, எங்களோடு திரும்புவார். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை அவரும் இருந்தார். அன்றைக்கு முதலாளியும் குடும்பத்தோடு வந்திருந்தார். வண்டி பத்திரம் என்று என்னிடம் விரலை ஆட்டிவிட்டு மலை பஸ்ஸில் ஏறிப் போனார். படிக்கட்டுப் பக்கமிருந்து கோவிந்தா, கோவிந்தா என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். அம்மாவின் வேண்டுதலைச் சொன்னேன். வண்டியை அவர் பார்த்துக்கொள்வதாகவும் உடனே கிளம்பும்படியும் சொன்னார். வேலை போய்விடுமே என்றேன். படிக்கு நேராகக் கீழே ஒரு கோரைப்பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்: "வேலய குடுத்தவரு மேல கீறாரு தம்பி, உன் மொதலாளி நடுவுல வந்தவரு. நீ போய் அவுருக்குக் குடுக்க வேண்டியத குடுத்துட்டு வா, ஒரு ஈ காக்கா உள்ள ஏறாது!"

பாதித் தலை

ஓட்டமும் நடையுமாக ஏறினேன். வாரா வாரம் வாயால் ஏறிய மலை காலுக்குப் புதிதாக இருந்தது. நடுவழியில் வரும் காலி கோபுரத்தில் மூச்சு வாங்கியது. முழங்காலால் ஏறுவார்களே, அந்த மேட்டில் நானும் முழங்காலிட்டேன். தோல் உரிந்தது. எரிச்சலோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. மேலே போய் ஒரு மண்டபத்தில் முடங்கிக் கிடந்துவிட்டு, விடிந்ததும் முடி இறக்கும் இடத்துக்குப் போனேன்.

அங்கே நாவிதர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. தண்ணீர் தெளித்து, உச்சியில் கத்தியால் ஒரு பட்டை மட்டும் இழுத்து உங்களை உட்காரவைத்துவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் போய்விடுவார்கள். நடுவில் பட்டையோடு நீங்கள் வேறு நாவிதரிடம் எங்கே ஓடுவது? எனக்கும் பட்டை விழுந்தது. என் முடி மடியில் கொத்தாக விழுந்தபோது பக்கத்தில் யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பினால், உச்சியில் என்னைப் போலவே பட்டையோடு முதலாளி! இந்தப் புரட்டாசிக்கு வண்டி நிறைந்தால் முடி தருவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தாராம். கையை ஓங்கினார், நாவிதர் கத்தியோடு வருவதைப் பார்த்து இறக்கினார். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "குந்துடா, குந்து. இந்தக் கோலத்துல நானும் எழுந்து போவ முடியாது, உன்னையும் தொரத்த முடியாது."

இரண்டு மொட்டைகள்

புஷ்கரிணியில் முழுக்குப் போட்டு, முதலில் வராகசாமியைக் கும்பிட்டு, பிறகு உள்ளே போனேன். சந்நிதிக் கதவுக்கு எதிரே நின்றது ஒரு நொடி. சாமியின் மோவாயில் கர்ப்பூரம் வெள்ளையாக இருந்தது. பொட்டும் இல்லை, உருண்டையும் இல்லை, குழந்தை வாயோரம் ஒட்டிய தயிர்ச்சோறு போல இருந்தது.

மத்தியானம் முதலாளியும் நானும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளோடு அடிவாரத்துக்கு வந்தோம், அவர் குடும்பம் பின்னால் வந்தது. வழி முழுக்க அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். என் வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பாய் படியை மறித்து உட்கார்ந்திருந்தார். முதலாளி ஏறப் போனார், பாய் கையை நீட்டித் தடுத்தார். வண்டியே தன்னுடையது என்றார் முதலாளி. இப்படிச் சொல்லிக்கொண்டு காலையிலிருந்து பல பேர் வந்ததாகப் பாய் பதில் சொன்னார். நான்தான் கண்டக்டர் என்று நான் முன்னால் போனேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொரலு அவன் கொரலாட்டம்தான் கீது, ஆனா அவனுக்கு முடி இம்மாம் நீளம், அவன் வர்ற வரைக்கும் ரெண்டு மொட்டையும் அந்த மரத்தாண்ட போய் நில்லுங்க!"

மரத்தடியில் நின்றபோது முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், அடுத்த சனிக்கிழமையிலிருந்து பாய் வரும் வாரங்களில் நான் மலை ஏறலாம் என்றார். அதைக் கேட்ட பாய் சிரித்துக்கொண்டே படியை விட்டு எழுந்தார். அன்று இரவு அம்மா என் தலையைத் தடவித் தடவிப் பார்த்து அழுதார், மறுநாளே பெண் பார்க்கக் கிளம்பினார். முடி சாமியைத் தேடி வந்தவர்களில் பாதிப் பேர் மெத்தை சீட்டுக்கே போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு மோவாய்க் கர்ப்பூரத்தைக் கண்ணால் பார்த்தவனாகச் சொன்னேன்.

முடி இருந்தவரை என் காலில் விழுந்தார்கள், முடி போனதும் பழையபடி என் காலை மிதித்தார்கள், மிதிபட்டால்தானே கண்டக்டர்!