ஆற்றைப் பார்த்த வாசல்கள்

எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்கள், தொழிலாளர் வரிசை வீடுகள், சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பேருந்து நிற்கும் முச்சந்தியிலிருந்து செம்மண் பாதையில் வருகிற எவரும் முதலில் பார்ப்பது அடுப்படிகளையும் சாக்கடையையும்தான். வாசல்கள் எல்லாம் சிலாங்கூர் ஆற்றைப் பார்த்தவை.

இதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தைத் திறந்தது ஒரு பிரெஞ்சுக் கம்பெனி. அப்போது சாலை கிடையாது. அரிசி, ஆட்கள், ரப்பர் ஷீட்டு எல்லாமே படகில் வந்து படகில் போயின. முதல் லயங்கள் அக்கரையில் இருந்தன. இக்கரையில் சாலை போட்ட பிறகு குடியிருப்பை இந்தப் பக்கம் மாற்றினார்கள். ஆனாலும் பழக்கம் விடாமல் வாசல்களை ஆற்றை நோக்கியே வைத்தார்கள். அக்காள் அக்கரையில் பிறந்தவள். நான் இக்கரையில் பிறந்தவன். இடுகாடு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. டவுனில் புதிய இடுகாடு வந்தபின் அக்கரைக்குப் போகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாலை அப்பா இறந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று பலமுறை சொல்லியிருந்தார். அம்மா அக்கரையில் இருந்தாள்.

அங்கே போவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கடல் ஏறும்போது எங்கள் ஆறும் ஏறும். அந்த ஏற்றத்தில்தான் படகு அக்கரை ஓடைக்குள் நுழைந்து இடுகாட்டருகே போகும். தண்ணீர் இறங்கிவிட்டால் தொடை வரைக்கும் சேறு. மறுநாள் பகலில் ஒரே ஏற்றம்தான் இருந்தது. அதை விட்டால் டவுன் இடுகாடுதான்.

கெர்லிங் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காளுக்கு அங்கே கணக்கெழுதும் கிராணி மூலம் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. ராவாங் வந்து, பத்தாங் பெர்ஜுந்தாய் வந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்தில் முச்சந்திக்கு வர வேண்டும். காலையிலிருந்து நான் முச்சந்திக்கும் படித்துறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சாலையில் நின்றால் ஆறு என்ன ஆயிற்றோ என்று மனம் அடித்துக்கொண்டது. ஆற்றங்கரையில் நின்றால் பேருந்து வந்துவிட்டதோ என்று காது சாலைக்குப் போனது. ஒரு பேருந்து வந்தது. கோழிக்கூடையோடு ஒரு சீனக் கிழவர் இறங்கினார். வேறு யாரும் இல்லை.

"நீ நடந்து நடந்து ரோட்டத்தான் தேய்க்கிறே" என்றார் சித்தப்பா. "பஸ்ஸ என்ன ஒன் கால்லயா கட்டியிருக்கு?"

"இன்னும் ஒரு பஸ் பாப்போம் சித்தப்பா."

"பாரு. அப்புறம் லோரி புடிச்சு டவுன் சுடுகாட்டுக்குத்தான் போகணும். ஒங்கப்பன் எந்திரிச்சு வந்து என்னையத்தான் திட்டுவாரு."

படகுக்கார மலாய்ப் பெரியவர் எங்களோடு தமிழில்தான் பேசுவார். நாங்கள் அவரைப் பாக்சிக் என்போம். கழியால் தண்ணீரை ஆழம் பார்த்துவிட்டு வந்தார். "தம்பி, தண்ணி ரொம்ப நேரம் நிக்காது லா. அப்புறம் பெட்டியோட சேத்துல நிப்பே."

அப்பாவின் முகத்தை அக்காள் பார்க்க வேண்டும். அப்பா அக்கரைக்குப் போக வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று அப்போது நினைத்தேன். அப்பாவின் பக்கம் முடிவு செய்தேன். சித்தப்பா ஆணிகளை எடுத்தபோது, மூடியை அங்கே போய் அடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஆணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எங்கள் பெண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை. படித்துறையில் அழுது நின்றுவிட்டார்கள். படகு நகர்ந்த பிறகும் நான் லயங்களுக்குப் பின்னால் சாலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடையின் முடிவில் இறங்கிப் பெட்டியைத் தூக்கினோம். இடுகாட்டுக்குப் போகும் வழியில் பழைய லயம் இருந்த இடம். வரிசையாகச் சிமெண்டுப் படிகள் மட்டும் புல்லுக்குள் மிச்சம். அதில் ஒன்றின்மேல் அக்காள் உட்கார்ந்திருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கால் வரை சேறு. கையில் செருப்பு.

"எவ்ளோ நேரம்டா? தண்ணி ஏறுனதும் வந்துருவீங்கன்னு ஓடியாந்தேன்."

பத்தாங் பெர்ஜுந்தாயிலேயே இறங்கிப் பாலத்தைக் கடந்து, செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஆற்றோரமாகவே நடந்து வந்திருக்கிறாள். முச்சந்திக்கு அடுத்த பேருந்தைப் பிடித்தால் தண்ணீர் முந்திவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அக்கரைக்கு ஒரு நடைவழி இருப்பதாகவே தோன்றவில்லை.

சித்தப்பா தயங்கினார். "பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரலாமாம்மா?"

"சுடுகாடு அங்க இருக்கு சித்தப்பா" என்று கையை நீட்டினாள். "இது எங்க வீட்டு வாசல்."

சித்தப்பாதான் முதலில் தன் பக்கத்தைத் தாழ்த்தினார். பெட்டியை அந்தப் படிக்கு முன்னால் இறக்கி வைத்தோம். நான் மூடியை நகர்த்தினேன். அக்காள் செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு இரண்டு கைகளாலும் அப்பாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஓடைப் பக்கமிருந்து பாக்சிக் கத்தினார். "தம்பி! தண்ணி எறங்குது!"

"எறங்கட்டும்" என்றார் சித்தப்பா. அவர் கை சட்டைப்பையில் இருந்த ஆணிகளை வெளியே எடுக்கவில்லை.